பெத்தாய் பெலாலாங்கின் சொந்தக்காரர்கள்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அறிவியலைப் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று என்னைக் கேட்டுக்கொண்டார்கள். ராக்கெட்டைப் பற்றியும் கணினியைப் பற்றியும் பேச ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நான் பயிற்சிக் கல்லூரிச் சான்றிதழோடு வந்த ஒரு தோட்டப் பள்ளி ஆசிரியர். ஆகவே தோட்டத்தில் கிடக்கிற பொருளைப் பற்றியே பேசுகிறேன். ஆட்டுக்குப் போடும் தழையைப் பற்றி. பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. சிரியுங்கள், பரவாயில்லை. கொஞ்சம் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

ஆடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெத்தாய் பெலாலாங் மரத்தை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சாலையோரம், ஆற்றோரம், பழைய லயத்துக்குப் பின்னால், எங்கே இடம் கிடைத்தாலும் முளைத்து நிற்கும். புளிய இலை போலச் சின்னச் சின்ன இலை. வெள்ளைப் பஞ்சு உருண்டை போலப் பூ. பட்டையான காய் கொத்துக் கொத்தாகத் தொங்கும். கிளையை ஒடித்துப் போட்டால் ஆடு மற்றத் தழையை விட்டுவிட்டு இதைத்தான் முதலில் தின்னும். ஆட்டுக்கு அறிவு உண்டு. காய்ந்த இலையில் நூற்றுக்கு 20 முதல் 25 பங்கு வரை புரதம் இருக்கிறது. தமிழ்நாட்டில் இதைச் சவுண்டல் என்றும் சூபாபுல் என்றும் சொல்வார்கள். பிலிப்பைன்ஸில் இப்பில்-இப்பில். இந்தோனேசியாவில் லம்தோரோ. அறிவியலார் வைத்த பெயர் லூசீனா லூகோசெபாலா.

இது அவரைக் குடும்பத்து மரம். அவரை, பயறு, நிலக்கடலை, நம் செம்பனைக் காட்டில் தரையை மூடிப் படரும் கொடிகள் எல்லாம் அந்தக் குடும்பந்தான். இவற்றின் வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். அந்த முடிச்சுக்குள் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உரமாகக் கொடுக்கின்றன. உரம் வாங்கக் காசில்லாதவன் வளர்க்கக்கூடிய தீவனம் இது. உலகெங்கும் ஏழைக் குடியானவர்கள் இந்த மரத்தை நம்பியதற்குக் காரணம் அதுவே.

இப்போது ஒரு கேள்வி. பள்ளிக்குப் பின்னால் நிற்கும் மரத்துக்கும் ஆற்றோரம் நிற்கும் மரத்துக்கும் என்ன வித்தியாசம்? ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் இதைக் கேட்டேன். மூன்று இடத்திலிருந்து காய் கொண்டு வந்தார்கள். விதையின் தோல் கெட்டியானது. அதனால் சுடுநீரில் போட்டு எடுத்துப் பையில் ஊன்றினோம். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால், எந்தப் பை எந்த இடத்து விதை என்று எழுதி ஒட்டிய சீட்டைப் பார்த்தால்தான் தெரிந்தது. “என்னா சார், எல்லாம் ஒரே மாதிரி இருக்கு!” என்றான் ஒரு பையன். அவன் சொன்ன அந்த ஒரு வரியில்தான் இந்தப் பேச்சு முழுவதும் அடங்கியிருக்கிறது.

ரம்புத்தான் கொட்டையைப் போட்டு வளர்த்துப் பாருங்கள். தாய் மரத்துப் பழம் தேனாய் இனிக்கும். பிள்ளை மரத்துப் பழம் புளிக்கலாம், சதை கொட்டையில் ஒட்டிக்கொள்ளலாம், பழமே வராமலும் போகலாம். அதற்காகத்தான் ஒட்டுக் கட்டுகிறார்கள். ஒரு மரத்து மகரந்தம் இன்னொரு மரத்துப் பூவுக்குப் போவதால் ஒவ்வொரு விதையும் ஒரு புதுக் கலவை. பெத்தாய் பெலாலாங் அப்படிப்பட்டதன்று. தன் பூவின் மகரந்தத்தைத் தானே எடுத்துக்கொண்டு விதை பிடிக்கும். தாயைப் போலவே பிள்ளை, பிள்ளையைப் போலவே பேரன். அச்சகத்தில் ஒரே அச்சில் ஆயிரம் நோட்டீஸ் அடிப்பது போல.

சரி, அந்த முதல் அச்சு எங்கிருந்து வந்தது? மெக்சிகோவிலிருந்து. அங்கேதான் இம்மரத்தின் பிறந்த வீடு இருக்கிறது. அந்நாட்டு மக்கள் இந்த மர வகைகளைக் குவாஹே என்கிறார்கள். அங்கே ஒவஹாக்கா என்று ஒரு மாநிலம் உண்டு. அதன் பெயரே குவாஹே மரத்திலிருந்து பிறந்தது. நாம் பெத்தாய்க் கொட்டையைச் சம்பாலில் போட்டுச் சாப்பிடுவது போல, அவர்கள் குவாஹே விதையைப் பச்சையாகவே தின்கிறார்கள். நாற்றத்திலும் இரண்டும் பங்காளிகள்தாம்!

1565 தொடங்கி 1815 வரை, ஏறத்தாழ 250 ஆண்டுகள், ஸ்பானியர்களின் கப்பல்கள் மெக்சிகோவின் அக்காபுல்கோ துறைமுகத்துக்கும் பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கும் போய்வந்தன. அந்தக் கப்பல்களில்தான் இந்த மரம் கீழ்த்திசைக்கு வந்து சேர்ந்தது. பிலிப்பைன்ஸிலிருந்து இந்தோனேசியா, நம் தீபகற்பம், இன்னும் எத்தனையோ தீவுகள் என்று பரவிற்று. காப்பித் தோட்டக்காரர்கள் நிழலுக்காக நட்டார்கள். இவ்வளவு பெரிய நிலப்பரப்புக்கும் வித்தாக அமைந்தவை பெரும்பாலும் ஒரே வகையைச் சேர்ந்த கொஞ்சம் விதைகளே. தானே கருவுறும் மரமாதலால் எத்தனை கோடி மரமாகப் பெருகினாலும் உள்ளே இருக்கும் சரக்கு அந்தக் கைப்பிடிச் சரக்குத்தான்.

நம் ரப்பருக்கும் இந்தக் கதை உண்டு. 1877ல் சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளை நினைத்துக்கொள்ளுங்கள். நம் பாட்டன் பூட்டன் வாழ்வே அந்தக் கன்றுகளோடு கட்டப்பட்டிருந்தது. 1981ல் புது ரப்பர் விதை தேடி அமேசான் காட்டுக்குள் ஒரு குழுவே போயிற்று. ரப்பரைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். இன்று தழையோடு நிற்போம்.

ஒரே மாதிரி இருப்பதில் என்ன கெடுதி என்று கேட்கலாம். வரிசையாக நிற்கிறது, எல்லாம் நன்றாக வளர்கிறது, ஆடும் தின்கிறது. கெடுதி 1984ல் தெரிந்தது. சில்லிட் என்று ஒரு பூச்சி. கொசுவைவிடச் சிறியது, இரண்டு மில்லிமீட்டர்கூட இராது. தொட்டால் தத்திக் குதிக்கும். விரியாத இளங்கொழுந்தில் முட்டையிடும். குஞ்சுகள் சாற்றை உறிஞ்சும். முட்டை முழுப் பூச்சியாக வளர இரண்டு வாரம் போதும். அதுவும் மரம் பிறந்த அமெரிக்கக் கண்டத்துப் பூச்சிதான். ஆனால் மரம் இந்தப் பக்கம் வந்தபோது பூச்சி வரவில்லை. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பகையாளி இல்லாமல் சுகமாக வாழ்ந்தது மரம். 1984ல் பூச்சி ஹவாய்த் தீவுகளை எட்டியது. 1985ல் பிலிப்பைன்ஸ். 1986ல் இந்தோனேசியா, மலேசியா, ஆஸ்திரேலியா. 1988ல் தென்னிந்தியா. 1992ல் கிழக்கு ஆப்பிரிக்கா. கப்பல் முந்நூறு ஆண்டுகளில் செய்த பயணத்தைப் பூச்சி எட்டே ஆண்டுகளில் முடித்துவிட்டது.

அந்த நாளில் ஆடு வைத்திருந்த என் பெரியப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். “கொழுந்தெல்லாம் சுருண்டு கருகிப் போச்சுப்பா. கிளைய ஒடிச்சா கையெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டும். ஆறு மைல் சைக்கிள் மிதிச்சாலும் எல்லா மரமும் அதே கதிதான்.” அந்தக் கடைசி வாக்கியத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். ஒரு மரம் மொட்டையாக நின்றால் பக்கத்து மரத்துக்குப் போகலாம். எல்லா மரமும் ஒரே அச்சாக இருக்கும்போது எந்த மரத்துக்குப் போவது?

நமக்காவது வேறு தழை உண்டு. திமோர்த் தீவின் மேற்குப் பகுதியில் அமராசி என்று ஓர் இடம் இருக்கிறது. காய்ந்த மலைநாடு. 1930களில் அங்கே ஆண்டவர்கள், குடிமக்கள் கண்டிப்பாக லம்தோரோ நட வேண்டும் என்று விதித்தார்கள். மக்களும் நட்டார்கள். மாட்டைக் கட்டிப்போட்டு இந்த இலையை வெட்டிப் போட்டுக் கொழுக்க வைத்து விற்றுத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள், வீடு கட்டினார்கள். 1986ல் பூச்சி வந்தபோது அந்தக் குடும்பங்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். சட்டம் போட்டு நட்ட மரம் அத்தனையும் ஒரே மரம்!

பூச்சியைத் தின்னும் ஒருவகைக் கருநீலப் பொறிவண்டை ஹவாயிலிருந்து இந்தோனேசியாவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அது ஓரளவு உதவியது. பூச்சி மரத்தை அடியோடு கொல்வது குறைவு. இலையைத்தான் பறித்துக்கொள்ளும். ஆகவே மரங்கள் பிழைத்தன. ஆனால் வேண்டிய நேரத்தில் தழை இல்லாமல் மரம் மட்டும் பிழைத்து யாருக்கு என்ன லாபம்? வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

அந்த வழி மரத்தின் பிறந்த வீட்டிலேயே இருந்தது. பெத்தாய் பெலாலாங்குக்கு அண்ணன் தம்பி, சித்தப்பா பெரியப்பா என்று ஒரு பெரிய கூட்டம் மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் இருக்கிறது. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டிலிருந்து கோலின் ஹியூஸ் என்ற தாவரவியலார் 1980களில் அங்கே ஊர் ஊராகப் போய் விதை சேகரித்தார். 1998ல் அவர் வெளியிட்ட ஆய்வில் இந்தக் குடும்பத்தில் 22 இனங்களைப் பிரித்துக் காட்டினார். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புரூபேக்கர் என்ற பேராசிரியர் 1960களிலிருந்தே இந்த மர விதைகளைச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் கே என்ற எழுத்தோடு ஓர் எண் கொடுத்து வைத்திருந்தார். பூச்சி வருவதற்கு இருபது ஆண்டு முன்பே! அப்போது பார்த்தவர்கள், ஆட்டுத்தழை விதையைப் போய் இவ்வளவு பத்திரமாக வைக்கிறாரே என்று நினைத்திருக்கக்கூடும்.

மாணவர்களே, இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். விதையை மட்டும் பையில் போட்டுக்கொண்டு வந்தால் போதாது. எந்த ஊர், கடல்மட்டத்துக்கு எவ்வளவு உயரம், என்ன மண், மழை எப்படி, மரம் எத்தனை அடி என்றெல்லாம் எழுத வேண்டும். பிறகு எல்லா விதையையும் ஒரே நிலத்தில் பக்கத்துப் பக்கத்தில் வரிசையாக நட வேண்டும். ஏன் ஒரே நிலம்? நல்ல மண்ணில் நின்றதால் உயரமா, பிறவியிலேயே உயரமா என்று அப்போதுதான் தெரியும். பிறகு நோட்டும் பேனாவுமாகத் தினமும் நடக்க வேண்டும். எது முதலில் பூத்தது, எதன் இலை அகலம், எதைப் பூச்சி மொய்த்தது, எதைத் தொடவில்லை. பரிசோதனைக் கூடத்தில் உருப்பெருக்கியில் குரோமோசோம்களை எண்ணுகிறார்கள். மரபணுவையே படித்து, யாருக்கு யார் சொந்தம் என்று கண்டுபிடிக்கிறார்கள். கல்யாணம் பேசப் போகும் பெரியவர்கள் மூன்று தலைமுறை விசாரிப்பார்கள் அல்லவா? அதே விசாரணைதான் இங்கும். அதை மரபணுவைக் கொண்டு செய்கிறார்கள்.

இப்படி வரிசையில் நட்டுப் பார்த்தபோது பாலிடா என்ற ஓர் இனம் தனித்து நின்றது. மெக்சிகோ மலைப்பகுதி மரம். சில்லிட் மொய்த்தபோதும் அதன் கொழுந்து கருகவில்லை. இன்னொரு நல்ல செய்தி, நம் மரத்துக்கும் பாலிடாவுக்கும் குரோமோசோம் எண்ணிக்கை ஒன்றே, 104. எண்ணிக்கை ஒத்துப்போனால் கலப்பு நன்றாக அமையும், பிள்ளைகளும் விதை கொடுக்கும். ஹவாயில் இரண்டையும் கலந்தார்கள். பிறந்த பிள்ளை பூச்சியைத் தாங்கியது, வேகமாகவும் வளர்ந்தது.

ஆனால் எந்தச் சம்பந்தத்திலும் ஒரு குறை இருக்குமே! பாலிடாவின் இலை நம் மர இலையைப் போல எளிதில் செரிக்காது. துவர்ப்பு அதிகம். ஆகவே கலப்புப் பிள்ளையை மறுபடியும் நம் மரத்தோடு கலந்தார்கள். அதில் பிறந்ததை மறுபடியும் கலந்தார்கள். பாலிடாவின் பங்கு முதலில் அரை, அடுத்துக் கால், அதற்கடுத்து அரைக்கால், பிறகு வீசம். வாய்ப்பாட்டில் பாட்டிமார் சொல்லித்தந்த கணக்கேதான்! ஒவ்வொரு முறையும் பூச்சியைத் தாங்கும் பிள்ளைகளை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்வார்கள். நல்ல இலை நம் மரத்தினுடையது, பூச்சியை எதிர்க்கும் திறம் பாலிடாவினுடையது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தார் ஹவாயின் உதவியோடு இந்த வழியில் பல ஆண்டுகள் உழைத்து ரெட்லண்ட்ஸ் என்ற வகையை உருவாக்கினார்கள். பூச்சித் தொல்லை மிகுந்த ஈரமான பகுதிகளுக்கு அது ஏற்றது.

திமோர்த் தீவுக்காரர்களுக்கு உதவியது வேறு. வட மெக்சிகோவின் கோவாஹூயிலா மாநிலத்திலிருந்து வந்த ஒரு விதை கே636 என்ற எண்ணில் சேமிப்பில் இருந்தது. தாரம்பா என்று அதற்குப் பெயரிட்டார்கள். அது கலப்பினமே அன்று. நம் மரத்தின் இனந்தான், ஆனால் வேறு ஊர்ப் பிறவி. பழைய வகையைவிடப் பூச்சியைக் கூடுதலாகத் தாங்குகிறது. இந்தோனேசியாவின் கிழக்குத் தீவுகளில் இன்று மாடு கொழுக்க வைப்பவர்கள் அதை நடுகிறார்கள்.

நம் நாட்டுக்கு இன்னொரு தொல்லை உண்டு. நம் மண் பெரும்பாலும் புளித்த மண், அதாவது அமில மண். அதிலுள்ள அலுமினியம் இந்த மரத்தின் வேரை வாட்டும். சுண்ணாம்பு போட்டால் வளரும், ஆனால் சுண்ணாம்புக்குக் காசு? மார்டி என்னும் நம் விவசாய ஆராய்ச்சிக் கழகத்தார் இதற்காக இன்னொரு சொந்தக்காரனைத் தேடினார்கள். டைவர்சிஃபோலியா என்பது அதன் பெயர். அதனோடு கலந்து அமில மண்ணைத் தாங்கும் பாரு, ரெண்டாங் என்ற இரண்டு வகைகளை வெளியிட்டார்கள். ஒரு சொந்தம் பூச்சிக்கு உதவியது, இன்னொரு சொந்தம் மண்ணுக்கு உதவியது.

இவ்விடத்தில் ஒரு சுவையான செய்தி, பேச்சுக்குக் கொஞ்சம் வெளியே. இந்த இலையில் மிமோசின் என்ற நச்சுப்பொருள் உண்டு. குதிரையும் பன்றியும் நிறையத் தின்றால் மயிர் கொட்டும். ஆஸ்திரேலியாவில் மாடுகளுக்கும் நோய் கண்டது. ஹவாயின் ஆடுகளோ இதையே தின்று நலமாக இருந்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் இதைக் கவனித்தார். அந்த ஆடுகளின் இரைப்பையில் நச்சை முறிக்கும் ஒரு பாக்டீரியா இருந்தது. 1980களின் தொடக்கத்தில் அதை ஆஸ்திரேலிய மாடுகளின் வயிற்றில் சேர்த்தார்கள், நோய் விலகிற்று. பாக்டீரியாவுக்கு அவர் பெயரையே இணைத்து சினர்ஜிஸ்டஸ் ஜோன்சி என்று வைத்தார்கள். மரத்தில் மட்டுமா வேறுபாடு? ஆட்டு வயிற்றுக்குள்ளும் ஊருக்கு ஊர் வேறு குடி இருக்கிறது!

எனக்கு மிகவும் பிடித்தது 2007ல் ஹியூஸும் உடன் ஆய்ந்தவர்களும் வெளியிட்ட ஒரு கட்டுரைச் செய்தி. காட்டில் தனித்தனி மலையில் வளரும் குவாஹே இனங்களை மெக்சிகோ நாட்டுக் கிராமத்தார் உணவுக்காகக் கொண்டுவந்து தங்கள் வீட்டுக் கொல்லையில் பக்கத்தில் பக்கத்தில் நட்டார்கள். காட்டில் சந்தித்தே இராத மரங்கள் கொல்லையில் சந்தித்துக்கொண்டன. தாமாகவே கலந்து புது வகைகள் தோன்றின. நம் பெத்தாய் பெலாலாங்கும் அப்படி இரண்டு இனங்கள் கலந்து உண்டான மரமே. அந்த மக்களில் யாரும் பட்டம் பெற்றவர்கள் இல்லை. வாயில்லாச் சீவனுக்கும் வீட்டுக்கும் என்ன வேண்டும் என்று தெரிந்தவர்கள், நம் ஆயாமாரைப் போல.

இந்த மரத்தைப் புகழ்ந்துகொண்டே போவது நியாயமாகாது. விதை கண்டபடி கொட்டுவதால் பல நாடுகளில் இது தொல்லைக் களை. உலகின் மிக மோசமான 100 ஊடுருவும் உயிரினங்களின் பட்டியலில் இதன் பெயரும் இருக்கிறது. இதற்கும் மருந்து சொந்தக்காரர்களிடமே இருக்கிறது. 52 குரோமோசோம் உள்ள ஓர் இனத்தோடு நம் 104 மரத்தைக் கலந்தால் பிள்ளைக்கு எத்தனை? ஆறாம் ஆண்டு மாணவர்கள் கணக்குப் போடுங்கள். ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் பாதி. 52ம் 26ம் சேர்ந்து 78. இதைச் சரிசமமாகப் பங்கிட முடியாமல் அந்த மரம் விதை பிடிக்காது. தழை கொடுக்கும், களையாகப் பரவாது. குச்சியிலோ ஒட்டிலோதான் பெருக்க வேண்டும், அது கொஞ்சம் சிரமமான வேலை. இந்த ஆராய்ச்சியில் இன்றும் ஈடுபட்டிருக்கிறார்கள்.

இத்தனை சொந்தக்காரர்களும் பத்திரமாக இருக்கிறார்களா என்றால், எல்லாரும் இல்லை. சில இனங்கள் ஒன்றிரண்டு பள்ளத்தாக்குகளில் மட்டும் வளர்பவை. அங்கே காடு வெட்டினால் அந்தக் கிளைக் குடும்பமே போய்விடும். குளிர் அறையில் வைத்த விதையும் என்றென்றும் உயிரோடு இருப்பதன்று. இடையிடையே எடுத்து முளைக்க வைத்துப் புது விதை எடுக்க வேண்டும். அதற்கு ஆளும் பணமும் வேண்டும். நெல், கோதுமை என்றால் அரசாங்கங்கள் உடனே கொடுக்கும். ஆட்டுத்தழை என்றால் யோசிக்கும். இறைச்சியும் பாலும் மட்டும் எங்கிருந்து வருகின்றனவாம்? இது என் சொந்தக் கருத்து, தலைமையாசிரியரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கடைசியாகப் பெற்றோர்களிடம் ஒரு விண்ணப்பம். மழை பெய்து துளிர் விடும் காலத்தில் தழை வெட்டப் போகும்போது, மற்ற மரமெல்லாம் கொழுந்து சுருண்டு கிடக்க ஒரு மரம் மட்டும் பச்சென்று நின்றால், அதை மொட்டையடித்துவிடாதீர்கள். ஒரு துணியைக் கட்டி வைத்துவிட்டுப் பிள்ளையிடம் இடத்தைச் சொல்லி அனுப்புங்கள். ஒருவேளை யாரோ எப்போதோ வேறு வகை கொண்டுவந்து நட்டதாக இருக்கும். அல்லது சும்மாவேகூட இருக்கும். காய் முற்றியதும் எடுத்து வந்து நம் பைகளுக்குப் பக்கத்தில் நாலாவது வரிசையாக ஊன்றிப் பார்க்கலாம். சீட்டு எழுதி ஒட்ட ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் தயாராக இருக்கிறார்கள்.